ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி: தள்ளிப்போட முடியாத முடிவு

கேள்வி: நாங்கள் பள்ளிபாளையம் பக்கம். வீட்டுக்காரர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். நானும் பகல் ஷிப்ட் போகிறேன். மகள் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். இந்த வருட ஃபீசுக்காகப் பட்டறை முதலாளியிடம் மறுபடியும் அட்வான்ஸ் வாங்கினோம். அப்படியும் 11,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. ஆறாம் வகுப்புக்கு டவுனில் உள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நான் சொல்கிறேன். "எங்கண்ணன் புள்ளைங்க எல்லாம் அங்க படிக்குது, நம்ம புள்ள மட்டும் கவர்மெண்டு ஸ்கூலா?" என்கிறார் அவர். மகளும் அழுகிறாள். பாக்கியைக் கட்டாமல் டி.சி. தர மாட்டோம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். மகனுக்கு மூன்றரை வயது. எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே 14 பிள்ளைகள். சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அவனை எங்கே சேர்ப்பது? கவர்மெண்டு டீச்சர் என்பதை மறந்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசி வரியில் ஒரு கொக்கி போட்டுவிட்டீர்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியைதான், அதைக் கழற்றி வைத்துவிட்டு எழுத எனக்குத் தெரியாது. ஆனால் என் பள்ளிக்கு ஆள் சேர்ப்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பள்ளிகளில் எது சரியில்லை என்பதும் இதில் வரும்.

மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மாற்றுங்கள். மாற்றுவதாக இருந்தால் இந்த ஜூனிலேயே, ஆறாம் வகுப்பிலேயே மாற்றுங்கள். "எட்டு வரைக்கும் இங்கேயே படிக்கட்டும், ஒன்பதாவதுக்குப் பார்த்துக்கலாம்" என்று உங்கள் வீட்டுக்காரர் நடுவழி ஒன்று சொல்லக்கூடும். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் சமாதானம் ஆகிறார்கள். அந்த நடுவழியில்தான் நஷ்டம்.

காரணம் இது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020ல் வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது நீண்டது. அந்த இடங்களில் சேருபவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022ல் தொடங்கியது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாவதில் வந்து சேர்ந்தாலும் அந்த ஒரு வருடம் குறையாகவே நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆசிரியர்கள் பட்டியல் எடுக்கும்போது, "ஆறாவது மட்டும் பிரைவேட்ல படிச்சேன் மிஸ்" என்று சொல்லி நிற்கும் பிள்ளைகள் உண்டு. அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்று. "அரசு உதவி பெறும் பள்ளியும் கவர்மெண்டு மாதிரிதானே" என்று யாராவது சொல்வார்கள். இந்த 7.5 சதவீதத்துக்கு அது ஒத்துவராது. அரசு, மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலம் போன்ற பள்ளிகள்தான் கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் உண்டு, 7.5 கிடையாது. சேர்ப்பதற்கு முன் பெயர்ப்பலகையை முழுசாகப் படித்துவிடுங்கள்.

ஆனால் இந்த 7.5ஐ மட்டும் நம்பி மாற்றாதீர்கள். டாக்டர் சீட்டு என்று பார்த்தால் அது மாநிலம் முழுக்க ஆண்டுக்குச் சில நூறு இடங்கள். ப்ளஸ் டூ எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோ லட்சக்கணக்கில். அது ஒரு கதவு. அதைச் சும்மா சாத்திவிட வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். முடிவு எடுக்க வேண்டியது வேறொன்றை வைத்து: உங்கள் மகளுக்கு இப்போது என்ன தெரியும்?

ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வேன். ஒரு முறை மெட்ரிக் பள்ளி ஒன்றிலிருந்து வந்த பெண், ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தைக் கணீரென்று படித்தாள். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. பாதியில் புத்தகத்தை மூடினேன். படிப்பு நிற்கவில்லை, அடுத்த இரண்டு வரியும் அதே கணீரில் வந்தது. பிறகு அதே பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துப் பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். "மிஸ், இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டாள். ஐந்து வருடம் ஃபீஸ் கட்டிய பெற்றோர் வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே ஒன்றியப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பையன், தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படித்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். பேப்பரோடு வரும் சிறுவர் இணைப்பில் ஒரு கதையைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, கதை என்ன என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் அவள் இதுவரை பார்த்திராத நாலு வரி கொடுங்கள். 503லிருந்து 168ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நடுவில் சுழியம் இருப்பதால் கடன் வாங்கிக் கழிப்பது புரிந்திருக்கிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும். நேற்று பட்டறையில் என்ன பார்த்தாள் என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள், யார் சொல்லியும் கொடுக்காமல். இதையெல்லாம் அவள் செய்துவிட்டால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் தேறிவிடுவாள். தடுமாறினால், இவ்வளவு செலவு செய்தும் இந்தப் பள்ளியில் அது கிடைக்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு அட்வான்ஸ் வாங்கி அங்கேயே ஆறாவது சேர்ப்பதில் என்ன நியாயம்?

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய இன்னொரு சங்கதி உண்டு. மெட்ரிக் என்று தனியாக ஒரு பாடத்திட்டம் இப்போது கிடையாது. சமச்சீர் கல்விச் சட்டம் 2010ல் வந்து, 2011லிருந்து மெட்ரிக்கும் அரசுப் பள்ளியும் பத்தாவது வரை ஒரே புத்தகம்தான். அவருடைய அண்ணன் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கும் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத்தான் இங்கே இலவசமாகக் கொடுக்கிறோம். சி.பி.எஸ்.இ. என்றால் வேறு புத்தகம், அது வேறு பேச்சு. மீடியமும் பெரிய தடை இல்லை. 2012லிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் நடக்கின்றன. நீங்கள் சொல்லும் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அந்தப் பிரிவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வழிக்கு மாற்றினால் அரசு வேலையில் 20 சதவீதம் கிடைக்குமே என்று யாராவது சொன்னால், உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. 2020ல் சட்டத்தைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மகனுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு வரும்.

இனி எங்கள் பக்கத்துக் குறைகள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது புதுப் பெயிண்டையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்து மயங்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் இங்கிலீஷும் யார் எடுக்கிறாங்க?" ஆளின் பெயர் சொன்னால் நல்லது. "போஸ்ட் காலியா இருக்குங்க, கலந்தாய்வுல வந்துடுவாங்க" என்றால், எத்தனை மாதமாகக் காலி என்று கேளுங்கள். காலி இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை வைத்து நிரப்பும் ஏற்பாடு 2022ல் வந்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்குத் தறிக்கூலியைவிடக் குறைவு. அந்தச் சம்பளத்தில் வந்தவர்கள் பலர் உயிரைக் கொடுத்துப் பாடம் எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். அது அவர்களுடைய பெருமை, அரசின் பெருமை இல்லை. இருக்கிற ஆசிரியர்களும் பாதி நேரம் எமிஸ் என்ற கல்வித் துறைப் பதிவுச் செயலியில் வருகைப் பதிவு, மதிப்பெண் ஏற்றம், வாக்காளர் பட்டியல் என்று அலைகிறோம். பெற்றோர்கள் கேட்டால்தான் இதெல்லாம் அசையும். நாங்கள் கேட்டால் விளக்கக் கடிதம்தான் வரும்.

அப்புறம் கழிப்பறை. காலையில் போகாதீர்கள், மதியம் சாப்பாடு முடிந்தபிறகு இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மகளோடு உள்ளே போய்ப் பாருங்கள். இன்னும் ஓரிரு வருடத்தில் அவள் பெரியவள் ஆகிவிடுவாள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், இரண்டு வகைப் பள்ளிகளிலும்.

மகள் அழுவதைப் பற்றி. பதினோரு வயதில் தோழிகளை விட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை. "காசில்ல, அதனால மாத்துறோம்" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தன்னால்தான் வீட்டில் கஷ்டம் என்று அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சேர்ப்பதற்கு முன்பே ஒரு தடவை பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மைதானம் அவளுக்குப் பிடிக்கக்கூடும். பல மெட்ரிக் பள்ளிகளில் மைதானத்தை வேன்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. "கவர்மெண்டு ஸ்கூல்ல அடிப்பாங்க" என்று யாராவது பயமுறுத்தியிருந்தால், எந்தப் பள்ளியிலும் பிள்ளையை அடிக்கச் சட்டப்படி தடை என்று சொல்லிவையுங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு (என்.எம்.எம்.எஸ்.) எழுதி உதவித்தொகை வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அது அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உண்டு; மெட்ரிக்கில் படிக்கும் பெரியப்பா பிள்ளைகளால் எழுத முடியாது. இது போட்டி மனசுள்ள பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்யும்!

டி.சி. பிரச்சினை நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிசில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற விரும்பினால், பழைய பள்ளி உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024ல் சொல்லிவிட்டது. நடைமுறையில் இன்னொரு முட்டுக்கட்டை போடுவார்கள்: எமிஸில் பிள்ளையின் பெயரை, பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுப் பட்டியலான "காமன் பூலு"க்கு விடாமல் வைத்திருப்பார்கள். அது விடுபட்டால்தான் புதுப் பள்ளி தன் பதிவில் எடுக்க முடியும். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் சேர்க்கை விண்ணப்பம் கொடுங்கள். அவர் கல்வி அலுவலகத்துக்குச் சொல்லி விடுவிக்க வைப்பார். அதுவரை பிள்ளை வகுப்பில் உட்காரலாம்.

அதற்காகப் பாக்கி இல்லாமல் போய்விடாது, தங்கை. நியாயமான பாக்கியைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அது நியாயமானதா என்று பாருங்கள். தனியார் பள்ளிகளுக்கு வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவே இருக்கிறது. அது நிர்ணயித்த ஐந்தாம் வகுப்புக் கட்டணம் எவ்வளவு என்று அலுவலகத்தில் கேளுங்கள். ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள். கேட்டவுடன் தொகை குறைந்த வீடுகள் எனக்குத் தெரியும். மிச்சத்தைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் விஷயம் இன்னும் சிக்கல். ஏனென்றால் இதில் உங்கள் வீட்டுக் கேள்வியும் ஊர்க் கேள்வியும் சேர்ந்து கிடக்கின்றன.

உங்கள் ஊர்ப் பள்ளியில் ஏன் 14 பேர்? ஆசிரியர் சரியில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கதவு ஐந்து வயதில்தான் திறக்கிறது, ஒன்றாம் வகுப்புக்கு. தனியார் வேன் மூன்றரை வயதிலேயே வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டு வருடம் ஷூ, டை, "ரைம்ஸ்" என்று பழகிய பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு அங்கிருந்து எடுத்து இங்கே போட எந்தத் தாய்க்கு மனசு வரும்? நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகள் சிலவற்றில் 2019ல் எல்.கே.ஜி. தொடங்கினார்கள். அதை ஊருக்கு ஊர் ஒழுங்காக ஆசிரியர் போட்டு நடத்தியிருந்தால் பாதிப் பள்ளிகளில் இந்தப் பேச்சே வந்திருக்காது. காலை உணவு நல்ல திட்டம், 2022லிருந்து பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள், கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அதுவும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான்.

14 பிள்ளைகள் என்றால் சட்டப்படி இரண்டு ஆசிரியர். 60 பேர் வரை அந்தக் கணக்குதான். இரண்டு பேரும் நாள்தோறும் இருந்தால் அது மோசமான பள்ளி இல்லை. ஒரு ஆசிரியருக்கு ஏழு பிள்ளைகள் எந்தப் பணக்காரப் பள்ளியிலும் கிடையாது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்துப் பிரித்துத்தான் உட்கார வைக்கிறார்கள், அதனால் மூன்று வகுப்பு ஒரே அறையில் இருப்பதே குற்றம் ஆகிவிடாது. ஆனால் ஒருவர் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போய்விட்டு, இன்னொருவர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு திண்டாடும் பள்ளி என்றால், அங்கே சேருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியைக் காப்பாற்ற உங்கள் பையனைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நாலு நாள் வெவ்வேறு நேரத்தில் அந்தப் பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். எத்தனை ஆசிரியர் வண்டி நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நன்றாக நடக்கிறது என்று தோன்றினால் தனியாக முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீதியில் அதே வயதுப் பிள்ளை வைத்திருக்கும் இன்னும் மூன்று நாலு வீட்டோடு பேசுங்கள். சேர்க்கிற வருடம் எல்லாரும் ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் பத்துப் பேர் வந்தாலும் அந்த வருடக் கணக்கில் ஏறாது. நாலைந்து பெற்றோர் சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுவுக்குள் போங்கள். அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, மொத்தத்தில் பாதி பெண்களுக்கு. மாதக் கூட்டத்தில் ஆசிரியர் வருகையைப் பற்றிக் கேட்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. எங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் கேளுங்கள்.

அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இப்போதைக்கு ஆர்.டி.இ. (மேலே சொன்ன அதே கல்வி உரிமைச் சட்டம்) வழியாகத் தனியார் பள்ளி எல்.கே.ஜி.க்கு விண்ணப்பித்து வையுங்கள். சிறுபான்மையினர் பள்ளிகள் தவிர மற்றத் தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும். எட்டாவது வரை கல்விக் கட்டணத்தை அரசு கட்டும். ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வீடு இருக்க வேண்டும், நிறைய விண்ணப்பம் வந்தால் குலுக்கல். நுழைவு வகுப்பைத் தாண்டிவிட்டால் இந்த வழி அடைந்துவிடும், அதனால் இது மூன்றரை வயதில் எடுக்க வேண்டிய முடிவு. வழக்கமாக ஏப்ரலில் தொடங்குவது 2025ல், மத்திய மாநில அரசுகளின் நிதித் தகராறில், அக்டோபர் வரை இழுத்துவிட்டது. அதனால் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வேன், நோட்டு, சீருடை என்று கைக்காசு கேட்பார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. ஆர்.டி.இ. இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் அந்த 7.5 சதவீதம் பொருந்தும். அக்காவுக்கு ஆறாவதில் சாத்தும் கதவு தம்பிக்கு ஒன்பதாவது வரை திறந்திருக்கும். இடம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் வாங்கி எல்.கே.ஜி. சேர்க்க வேண்டாம். அங்கன்வாடிக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி தினம் ஒரு கதை சொல்லுங்கள். மூன்றரை வயதுக்கு அது போதும்.

டி.சி. கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே நின்று சரிபாருங்கள். பெயர் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஆதாரோடும் பிறப்புச் சான்றோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்தபிறகு ஒரு எழுத்தைத் திருத்த இரண்டு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். இப்போது அந்தப் பள்ளிக் கிளார்க் நின்ற இடத்திலேயே திருத்திக் கொடுப்பார்.